மெயின்ஃபிரேமில் எந்தெந்த வேலைகள் ஸிப் பிராசசருக்குப் போகும்?

கேள்வி இதுதான்: ஐபிஎம் மெயின்ஃபிரேமில் ஸிப் (zIIP), ஐஎஃப்எல் (IFL) என்று தனிவகைப் பிராசசர்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஓடும் வேலை எம்எஸ்யூ (மென்பொருள் கட்டணத்துக்கு அடிப்படையான பயன்பாட்டு அளவு) கணக்கில் சேராது, அதனால் மாதாந்திர மென்பொருள் கட்டணம் குறையும் என்கிறார்கள். அப்படியானால் கோபோல் பேட்ச் (தொகுப்பாக ஓடும் வேலை), சிஐசிஎஸ் (டிரான்சாக்‌ஷன்களை நடத்தும் மென்பொருள்), டிபி2 (டேட்டாபேஸ்), ஜாவா எல்லாம் கலந்து ஓடும் ஒரு இடத்தில் எது அங்கே போகும், எது போகாது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய கோபோல் நிரலின் வழக்கமான வேலை போகாது. ஜாவா போகும். நெட்வொர்க் வழியாக டிபி2-க்கு வரும் எஸ்க்யூஎல்லில் சுமார் 60% போகும். அதே எஸ்க்யூஎல் சிஐசிஎஸ்ஸிலிருந்தோ பேட்சிலிருந்தோ வந்தால் போகாது. டிபி2 தன் பின்னணியில் செய்துகொள்ளும் வேலையில் பெரும்பகுதி போகும். எழுதிய மொழியோ பொருளின் பெயரோ இதைத் தீர்மானிப்பதில்லை. அந்த வேலை எந்த வடிவத்தில், எந்த வழியாக, வேலையைப் பிராசசர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் டிஸ்பாட்சர் கைக்கு வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முதலில் வகைகள். ஐபிஎம் இசட் இயந்திரத்தில் எல்லாக் கோர்களும் ஒரே சிலிக்கன்தான். வாங்கும்போது எந்த வகையாகப் பதிவு செய்கிறோமோ, அந்த வகை வேலையை மட்டும் அது எடுக்கும்படி மைக்ரோகோடு பார்த்துக்கொள்கிறது. பொது பிராசசர் எதையும் ஓட்டும். எஸ்ஏபி ஐ/ஓ வேலைக்கு. ஐசிஎஃப், பல சிஸ்டங்கள் டேட்டாவைப் பகிர உதவும் கப்ளிங் ஃபெசிலிட்டிக்கு. ஐஎஃப்எல் லினக்ஸுக்கும், லினக்ஸைத் தாங்கும் இசட்/விஎம், கேவிஎம் ஆகியவற்றுக்கும். அதில் மெயின்ஃபிரேமின் முதன்மை ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ் பூட் ஆகாது. இசட்/ஓஎஸ்ஸுக்குள் ஓடும் வேலையை இறக்கிவைக்க இருப்பது ஸிப் மட்டுமே. 2004-இல் ஜாவாவுக்கென்று ஸாப் என்ற வகையும், 2006-இல் டிபி2 வேலைகளை மனத்தில் வைத்து ஸிப்பும் வந்தன. 2009-இல் வெளியான இசட்/ஓஎஸ் 1.11 முதல் ஸாப் வேலையை ஸிப்பிலேயே ஓட்ட வழி வந்தது. 2015-இல் வந்த இசட்13-லிருந்து ஸாப் என்ற வகையே கிடையாது. பழைய ஆவணத்தில் ஸாப் என்று கண்டால் இன்றைக்கு ஸிப் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கோபோல் ஏன் போகாது?

இசட்/ஓஎஸ் டிஸ்பாட்சர் இரண்டு விதமான அலகுகளை ஓட்டுகிறது: டாஸ்க், எஸ்ஆர்பி. பயனர் நிரல்கள் எல்லாமே டாஸ்க்காக ஓடுகின்றன. எஸ்ஆர்பி என்பது சிஸ்டம் மென்பொருள்கள் பயன்படுத்தும் இலகுவான வடிவம். ஸிப் பொதுவாக எடுப்பது, டபிள்யூஎல்எம் (வேலைகளின் முன்னுரிமையை நிர்வகிக்கும் இசட்/ஓஎஸ் பகுதி) உருவாக்கிய என்க்ளேவ் (ஒரே அலகாகக் கணக்கிடப்படும் வேலைத் தொகுதி) ஒன்றைச் சேர்ந்த எஸ்ஆர்பி. அதிலும் 'இது ஸிப்புக்கு ஏற்றது' என்று அந்த மென்பொருள் டபிள்யூஎல்எம்மிடம் பதிந்த பங்கு மட்டும்.

எஸ்ஆர்பிக்குள் அபெண்ட் (நிரலைப் பிழையோடு நிறுத்துவது) தவிர எந்த எஸ்விசி-யும் (ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சேவை கேட்கும் அழைப்பு) கொடுக்க முடியாது. ஃபைல் திறப்பது முதல் பல சேவைகள் எஸ்விசி வழியாகவே நடப்பதால், ஒரு கோபோல் நிரலை அப்படியே தூக்கி எஸ்ஆர்பியாக மாற்றிவிட முடியாது. பிஎல்/1, அசெம்ப்ளர் பயன்பாட்டு நிரல்களுக்கும் இதே நிலைதான். கம்பைலர் ஆப்ஷன் ஒன்றை மாற்றி கோபோலை ஸிப்புக்கு அனுப்பிவிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை.

இந்த விதிக்கு வெளியே இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஜேவிஎம், தான் ஜாவா கோடு ஓட்டும் நேரத்தில் அந்த டாஸ்க்கையே ஸிப்புக்கு உரியது என்று குறித்துவிடும். இசட்/ஓஎஸ் எக்ஸ்எம்எல் சிஸ்டம் சர்வீசஸ் பார்ஸ் செய்யும் நேரமும் டாஸ்க்காக இருந்தாலும் தகுதி பெறும். இரண்டாவதால் கோபோலுக்கும் ஒரு சின்ன வாசல் திறக்கிறது. எண்டர்பிரைஸ் கோபோலில் எக்ஸ்எம்எல் பார்ஸ் கூற்றை எக்ஸ்எம்எல்எஸ்எஸ் ஆப்ஷனோடு கம்பைல் செய்திருந்தால், பார்ஸ் ஆகும் அந்தத் துண்டு நேரம் ஸிப்புக்குத் தகுதியானது. காம்பாட் ஆப்ஷனில் கம்பைல் ஆன பழைய நிரல்கள் கோபோலின் சொந்த பார்சரையே பயன்படுத்துவதால் அவற்றுக்கு இது கிடைக்காது. ஆவணங்கள் சிறியவை என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்; பல நூறு கேபி அளவுள்ள ஆவணங்களை நாள் முழுக்க மெல்லும் பேட்சாக இருந்தால் பார்க்கத் தகுந்தது.

டிபி2: ஒரே எஸ்க்யூஎல், வெவ்வேறு விதி

பெரும்பாலான இடங்களில் ஸிப் வாங்குவதற்கான காரணமே டிபி2-தான். குழப்பம் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

வெளியிலிருந்து டிஆர்டிஏ (டேட்டாபேஸுக்கான நெட்வொர்க் நெறிமுறை) மூலம் வரும் கோரிக்கை, டிபி2-இன் நெட்வொர்க் பகுதியான டிடிஎஃப் என்ற அட்ரஸ் ஸ்பேஸுக்குள் (தனி நினைவகப் பரப்பு) என்க்ளேவ் எஸ்ஆர்பியாக ஓடுகிறது. அதனால் தகுதி உண்டு; ஆனால் முழுவதும் இல்லை, 60% மட்டும். இது தொழில்நுட்ப வரம்பு அல்ல, ஐபிஎம் வைத்திருக்கும் வணிக வரம்பு. 2010-க்குப் பிறகு இந்தப் பங்கு ஒவ்வொரு கோரிக்கையையும் துண்டாக்கிப் பிரிப்பதில்லை: ஒரு என்க்ளேவ் முழுவதும் தகுதி பெறும், அல்லது முழுவதும் பெறாது; பலவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது 60%-க்கு வரும். ஆகவே ஐந்து நிமிட இடைவெளியில் நான்கைந்து இணைப்புகளை மட்டும் வைத்து அளந்தால் 40, 80 என்று விசித்திரமான எண்கள் வரலாம். பயப்பட வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு, முழு சப்சிஸ்டத்துக்குமாக எடுங்கள்.

டிபி2-இன் நேட்டிவ் ரெஸ்ட் சேவைகளும் டிடிஎஃப் வழியாகவே வருவதால் அவற்றுக்கும் இதே 60%. ஜாவா நிரல் டைப் 4 ஜேடிபிசி (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும்) டிரைவரைப் பயன்படுத்தினால் அதன் எஸ்க்யூஎல்லும் இந்த வழியில் வரும். டைப் 2 டிரைவர் என்றால் எஸ்க்யூஎல் உள்ளூர் அழைப்பாகி, பொது பிராசசரில் ஓடும். இதைப் பார்த்து ஒரே எல்பாரில் (இயந்திரத்தைப் பிரித்த தனிப் பகுதி) இருக்கும் ஜாவா நிரல்களை எல்லாம் டைப் 4-க்கு மாற்றிவிடலாம் என்று கிளம்புவது நல்லதல்ல. டிடிஎஃப் வழியின் பாதை நீளம் அதிகம். ஒரு கோரிக்கையில் ஒரே ஒரு வரிசையை எடுக்கும் சின்னச் சின்ன எஸ்க்யூஎல்கள் என்றால், மொத்த சிபியூ செலவு ஏறி, 60% தள்ளுபடிக்குப் பிறகும் மிச்சம் ஒன்றும் இல்லாமல் போகலாம். இரண்டு டிரைவரிலும் அதே வேலையை ஓட்டிப் பொது பிராசசர் நேரத்தை ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள்.

டேட்டாபேஸில் பதிந்துவைத்து அழைக்கும் ஸ்டோர்டு புரொசீஜர்களில் வித்தியாசம் கூர்மையானது. எஸ்க்யூஎல்லிலேயே எழுதி டிபி2-வுக்குள் ஓடும் நேட்டிவ் எஸ்க்யூஎல் புரொசீஜர், தன்னை அழைத்தவரின் அலகிலேயே ஓடும். டிஆர்டிஏ வழியாக அழைத்தால் என்க்ளேவ் எஸ்ஆர்பி. ஆகவே 60% தகுதி. சிஐசிஎஸ்ஸிலிருந்து அழைத்தால் சிஐசிஎஸ்ஸின் டாஸ்க், தகுதி இல்லை. கோபோலில் எழுதிய எக்ஸ்டர்னல் புரொசீஜர் டபிள்யூஎல்எம் நிர்வகிக்கும் தனி அட்ரஸ் ஸ்பேஸில் டாஸ்க்காக ஓடுவதால், யார் அழைத்தாலும் அதன் உள்ளே நடப்பது போகாது. அந்தக் கோபோல் புரொசீஜர் உள்ளிருந்து ஒரு நேட்டிவ் புரொசீஜரை அழைத்தால் அதுவும் அந்த டாஸ்க்கின் மேலேயே ஓடும். நேட்டிவ் என்பதற்காகத் தகுதி திரும்பி வராது. ஆகவே மாற்றி எழுதுவதாக இருந்தால் வெளியிலிருந்து நேரடியாக அழைக்கப்படும், எஸ்க்யூஎல் நிறைந்த, பயன்பாட்டு லாஜிக் குறைந்த புரொசீஜர்களில் தொடங்குங்கள். பழைய எக்ஸ்டர்னல் எஸ்க்யூஎல் புரொசீஜர்கள் இருந்தால் அவைதான் முதல் இலக்கு. அவற்றின் வரையறையில் இருக்கும் ஃபென்ஸ்டு, எக்ஸ்டர்னல் சொற்களை நீக்கி மறுபடி உருவாக்கினால் பெரும்பாலும் நேட்டிவ்வாகிவிடும். எர்ரர் ஹேண்ட்லரின் நடத்தை, பெயர்களை எப்படித் தீர்க்கிறது ஆகிய இரண்டையும் மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் எஸ்க்யூஎல்லுக்கும் ஒரு விலக்கு உண்டு: பேரலல் குவெரி. பேக்கேஜை (நிரலின் எஸ்க்யூஎல் தொகுப்பு) டிகிரி எனி என்று பைண்ட் செய்து, ஆப்டிமைசர் குவெரியைப் பிரித்தால், பிரிந்த குழந்தை டாஸ்க்குகள் என்க்ளேவ் எஸ்ஆர்பியாக ஓடும். ஒரு குறிப்பிட்ட சிபியூ அளவைத் தாண்டிய பிறகு அவை தகுதி பெறும். டிபி2 11-இல் 80%, டிபி2 12-இல் 100%. பேட்சில் ஓடும் நீண்ட அறிக்கைக் குவெரிகளுக்கு இது உண்மையான ஆதாயம். ஆனால் பேரலலாகப் பிரிப்பதற்கே சிபியூ செலவாகும். துண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் பாராம்டெக் மதிப்பைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் ஒரு குவெரி பல துண்டுகளாகிப் பஃபர் பூலையும் (டேட்டா பக்கங்களை வைக்கும் நினைவகம்) ஸிப்பையும் மற்றவர்களுக்கு இல்லாமல் செய்துவிடும்.

டிபி2-இன் சொந்த வேலைகள்: பதிப்பு 10 முதல் ப்ரீஃபெட்ச் (பக்கங்களை முன்கூட்டிப் படிப்பது), டிஃபர்டு ரைட் (மாறிய பக்கங்களைப் பிறகு எழுதுவது) இரண்டும் முழுவதுமாகத் தகுதி பெற்றன. பதிப்பு 11-இல் பி-லாக் (டேட்டாவைப் பகிரும் டிபி2-கள் தங்களுக்குள் வைக்கும் பூட்டு) பேச்சுவார்த்தை தவிர எஸ்ஆர்பியாக ஓடும் சிஸ்டம் வேலைகள் ஏறக்குறைய எல்லாமே சேர்ந்தன. யூடிலிட்டிகளில் லோட், ரீஆர்க் (டேபிளை மறுஒழுங்கு செய்வது), ரீபில்டு இண்டெக்ஸ் ஆகியவற்றின் இண்டெக்ஸ் கட்டும் பகுதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. புள்ளிவிவரம் சேகரிக்கும் ரன்ஸ்டாட்ஸின் பெரும்பகுதி பின்னர் சேர்ந்தது. பதிப்பு 12-இல் லோட், ரீஆர்க் ரீலோடு கட்டமும் வந்தது. பழைய பதிப்பிலேயே இருந்தால், இண்டெக்ஸ் அதிகமுள்ள டேபிளின் ரீஆர்க்கில் நல்ல விகிதம் தெரியும். ஒரே இண்டெக்ஸ் உள்ள டேபிளில் சொற்பமே தெரியும். யூடிலிட்டிக்குத் தகுதி உண்டு என்று மொத்தமாகக் கணக்குப் போடுவது தவறாவது இதனால்தான்.

ஜாவா, சிஐசிஎஸ், ஐஎம்எஸ்

ஜாவாவில் ஜேவிஎம் ஓட்டும் எல்லாமே தகுதியானவை: பயன்பாட்டுக் கோடு, ஜேஐடி கம்பைலர், கார்பேஜ் கலெக்‌ஷன். ஆகவே லிபர்ட்டி (ஐபிஎம்மின் ஜாவா சர்வர்) மேல் ஓடும் இசட்/ஓஎஸ் கனெக்ட், இசட்/ஓஎஸ்எம்எஃப் போன்றவற்றின் சிபியூவில் பெரும்பகுதி ஸிப்பில் போய்விடும். எல்லை எங்கே என்றால், ஜாவாவை விட்டு, ஜாவா அல்லாத நேட்டிவ் கோடுக்குள் நுழையும் இடத்தில். ஜேஎன்ஐ அழைப்பு வந்ததும் டாஸ்க் பொது பிராசசருக்குத் திரும்பும். முடிந்ததும் மறுபடி ஸிப்புக்கு வரும்.

சிஐசிஎஸ் ஜேவிஎம் சர்வரில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஒரு ஜாவா டிரான்சாக்‌ஷன் ஜேசன் ஒன்றைப் பிரித்து, ஒரு விசாம் (மெயின்ஃபிரேம் ஃபைல் வகை) ரெக்கார்டைப் படித்து, கோபோல் நிரல் ஒன்றை லிங்க் செய்து, பதிலைக் கட்டி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜேசன் பிரிப்பதும் பதில் கட்டுவதும் ஸிப். விசாம் படிக்கும் சிஐசிஎஸ் அழைப்பு பொது பிராசசர். கோபோல் பொது பிராசசர். டைப் 2 வழியாக டிபி2 போனால் அதுவும் பொது பிராசசர். பிஓசி-யில் (முன்னோட்டச் சோதனை) வெறும் ஜேசன் கையாளும் மாதிரியை ஓட்டி 95% தகுதி என்று கண்டவர்கள், உண்மையான நிரலில் 40%-க்குக் கீழே பார்த்து அதிர்ச்சியடைவது இதனால்தான். ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு எத்தனை முறை ஜாவாவை விட்டு வெளியே போய் வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்; வரிசை வரிசையாக அழைப்பதை ஒரே அழைப்பில் மொத்தமாக வாங்கும்படி மாற்றினாலே விகிதம் ஏறும்.

ஜாவா பேட்சில் ஜேஇசட்ஓஎஸ் (ஜாவாவிலிருந்து இசட்/ஓஎஸ் வசதிகளை அணுகும் கருவி) வழியாக டேட்டாசெட் படிப்பதும் நேட்டிவ் ஐ/ஓ ஆகையால் அந்தப் பகுதி போகாது.

ஐபிஎம்மின் இன்னொரு டிரான்சாக்‌ஷன், டேட்டாபேஸ் மென்பொருளான ஐஎம்எஸ்ஸில் கோபோல் ஓடும் எம்பிபி, பிஎம்பி ரீஜன்களுக்குத் தகுதி இல்லை. ஜாவா ஓடும் ஜேஎம்பி, ஜேபிபி ரீஜன்களின் ஜாவா பகுதிக்கு உண்டு. ஓபன் டேட்டாபேஸ் மூலம் டிஆர்டிஏவில் வரும் ஐஎம்எஸ் டேட்டாபேஸ் அழைப்புகளில் ஒரு பங்குக்கும் உண்டு.

மற்றவை

நெட்வொர்க்கில் ஐபிசெக் (ஐபி அளவிலான பாதுகாப்பு) போக்குவரத்தைக் குறியாக்கும் வேலையை ஸிப்புக்கு அனுப்பலாம். இது தானாக நடக்காது: கம்யூனிகேஷன்ஸ் சர்வர் புரொஃபைலில் குளோபல்கான்ஃபிக் கூற்றில் ஸிப் ஐபிசெக்யூரிட்டி என்று சேர்க்க வேண்டும். ஒரே இயந்திரத்தின் எல்பார்களை இணைக்கும் உள் நெட்வொர்க்கான ஹைப்பர்சாக்கெட்ஸில் பெரிய வெளிச்செல்லும் செய்திகளுக்கும் அதே கூற்றில் தனி ஆப்ஷன் இருக்கிறது. நிரலை மாற்றாமலே டிஎல்எஸ் குறியாக்கம் தரும் ஏடி-டிஎல்எஸ்ஸுக்கு இது பொருந்தாது. டிஎல்எஸ் குறியாக்கத்தைக் குறைந்த செலவில் செய்வது கோருக்குள்ளேயே இருக்கும் சிபிஏசிஎஃப் வசதியும் கிரிப்டோ கார்டும், ஸிப் அல்ல. டேட்டாசெட் குறியாக்கமும் அப்படியே, யார் படிக்கிறார்களோ அவர்கள் ஓடும் பிராசசரிலேயே நடக்கும்.

இசட்/ஓஎஸ் 2.4-இல் வந்த, லினக்ஸ் கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர் எக்ஸ்டென்ஷன்ஸின் பெரும்பகுதி தகுதியானது. ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் பைத்தான் புதிய பதிப்புகளில் 70% வரை என்கிறது ஐபிஎம். செயல்திறனை அளக்கும் ஆர்எம்எஃப்பின் மானிட்டர் 3 தகவல் சேகரிப்பும் இறக்கப்படக்கூடியது. டிஎஸ்ஓ, ஐஎஸ்பிஎஃப் (பயனர் திரைகள்), ஜெஸ் (ஜாப்களை நிர்வகிப்பது), கம்பைல், சாதாரண சார்ட் ஸ்டெப், விசாம் பேட்ச் ஆகியவற்றில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். டிபி2 யூடிலிட்டிக்காக டிஎஃப்சார்ட் செய்யும் சார்ட்டில் ஒரு பகுதி மட்டும் விலக்கு.

ஒரு தற்காலிக விலக்கும் உண்டு. இசட்15-இல் 2019-இல் வந்த சிஸ்டம் ரிகவரி பூஸ்ட், ஐபிஎல் (சிஸ்டம் பூட்) ஆனதிலிருந்து 60 நிமிடமும், ஷட்டவுனின்போது 30 நிமிடமும், கோபோல் உட்பட எந்த வேலையையும் ஸிப்பில் ஓட விடும். ஐபிஎல் முடிந்த முதல் ஒரு மணி நேரத்து அளவீடுகளை ஸிப் திட்டமிடலுக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது.

மற்ற நிறுவனங்களின் மானிட்டர்கள், யூடிலிட்டிகள், சார்ட் மென்பொருள்கள் பலவும் தங்கள் கோடை என்க்ளேவ் எஸ்ஆர்பியாக மாற்றி ஸிப்பைப் பயன்படுத்துகின்றன. விற்பனையாளரிடம் சதவீதத்தைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த அட்ரஸ் ஸ்பேஸின் நேரம் இறங்குகிறது, அதை எந்த பாராமீட்டர் இயக்குகிறது, இயக்கினால் மொத்த சிபியூ எவ்வளவு ஏறுகிறது என்று கேளுங்கள். டாஸ்க்குக்கும் எஸ்ஆர்பிக்கும் இடையே அடிக்கடி தாவும் மென்பொருள் 80% தகுதி காட்டிக்கொண்டே, தாவுவதற்கு ஆகும் செலவைப் பொது பிராசசர் மேல் ஏற்றிவிடும்.

தொழில்நுட்பத்தால் முடிகிறது என்பதற்காக எதையும் ஸிப்பில் ஓட்டிவிட முடியாது. எந்த வேலை அங்கே ஓடலாம் என்பதை ஐபிஎம் ஒப்பந்தமாகவே வரையறுத்து, அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளின் அட்டவணையாக வெளியிடுகிறது. பயன்பாட்டு நிரல்களையும் ஸிப்பில் ஓட்டும் ஸிபிரைம் என்ற மென்பொருளை நியான் எண்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்தது. விவகாரம் நீதிமன்றம் போய், 2011-இல் அந்த விற்பனை நிரந்தரமாக நின்றது. 'கோபோலையும் அனுப்பிவிடலாம்' என்று யாராவது சொன்னால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

தகுதி வேறு, ஓடியது வேறு

தகுதி பெற்ற வேலை ஸிப்பில்தான் ஓடும் என்று எந்த உறுதியும் இல்லை. ஸிப் நிரம்பியிருந்தால் அது பொது பிராசசரிடம் உதவி கேட்கும். அப்படி வழிந்த வேலை எம்எஸ்யூ கணக்கில் ஏறிவிடும். ஹைப்பர்டிஸ்பாட்ச் (வேலையை அதே பிராசசர்களில் குவிக்கும் முறை) இயங்கும் சிஸ்டத்தில் ஸிப் உதவி கேட்கும் முன் காத்திருக்கும் நேரத்தின் இயல்பு மதிப்பு 3200 மைக்ரோ நொடி. ஐஇஏஓபிடி என்ற சிஸ்டம் அமைப்பு மெம்பரில் மாற்றலாம்.

இதே மெம்பரில் ஐஐபி ஹானர் பிரையாரிட்டி என்ற பாராமீட்டர் இருக்கிறது. அதை நோ என்று வைத்தால் வழிதல் அடியோடு நிற்கும், கட்டணம் குறையும் என்று தோன்றும். முழு சிஸ்டத்துக்கும் அப்படி வைக்காதீர்கள். தகுதியான வேலை ஸிப்பின் வரிசையிலேயே கிடக்கும். அந்த வேலை பிடித்திருக்கும் லாக்குக்காகப் பொது பிராசசரில் ஓடும் முக்கியமான டிரான்சாக்‌ஷன் காத்திருக்கும். போதாக்குறைக்கு, இந்த மதிப்பு நோ என்று இருப்பதைக் கண்டால் டிபி2 தன் சிஸ்டம் வேலைகளை ஸிப்புக்குக் கொடுக்காமல் பொது பிராசசரிலேயே ஓட்டிக்கொள்ளும். மிச்சம் பிடிக்கப் போய் இருந்ததையும் இழப்பீர்கள். வழிதலைத் தடுத்தே ஆக வேண்டிய வேலை ஏதாவது இருந்தால், உதாரணமாக அவசரமில்லாத ஜாவா பேட்ச், அதன் டபிள்யூஎல்எம் சர்வீஸ் கிளாஸுக்கு (ஒரே இலக்குள்ள வேலைகளின் வகுப்பு) மட்டும் நோ கொடுக்கலாம்.

வழிதலைக் குறைக்கச் சரியான வழி போதுமான ஸிப் வைப்பதே. ஒரே ஒரு ஸிப் 50% பிஸியாக இருந்தால், எளிய வரிசைக் கணக்குப்படி ஒரு வேலைக்கு ஆகும் சராசரி நேரம் இரட்டிப்பாகும்; 80% என்றால் ஐந்து மடங்கு. இரண்டு ஸிப்கள் ஒவ்வொன்றும் 80% பிஸியாக இருந்தால் சுமார் 2.8 மடங்கு, 50% என்றால் 1.33 மடங்குதான். பொது பிராசசரை 95%-இல் ஓட்டிப் பழகியவர்கள் ஸிப்பையும் அப்படி ஓட்ட நினைப்பதுதான் பெரிய தவறு. டிபி2 ப்ரீஃபெட்ச் ஸிப் வரிசையில் நின்றால் குவெரிக்குத் தேவையான பக்கம் நேரத்துக்கு வராது. டிபி2 அக்கவுண்டிங் அறிக்கையில் 'அதர் ரீட் ஐ/ஓ' காத்திருப்பு திடீரென ஏறியிருந்தால், டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் அதே நேரத்தில் ஸிப் எவ்வளவு பிஸி என்று பாருங்கள்.

அளப்பது எப்படி

ஆர்எம்எஃப் ஒர்க்லோடு ஆக்டிவிட்டி அறிக்கையில் ஒவ்வொரு சர்வீஸ் கிளாஸுக்கும் ஏபிபிஎல் சதவீதம் என்ற பகுதி இருக்கும். அதில் மூன்று எண்கள் போதும்: சிபி (பொது பிராசசரில் ஓடியது), ஐஐபிசிபி (தகுதி இருந்தும் பொது பிராசசரில் ஓடியது), ஐஐபி (ஸிப்பில் ஓடியது). டிடிஎஃப் சர்வீஸ் கிளாஸில் சிபி 120, ஐஐபிசிபி 18, ஐஐபி 142 என்று இருப்பதாகக் கொள்வோம். பொது பிராசசர்கள் முழு வேகத்தில் ஓடும் மாடல் இது. சிபி எண்ணுக்குள்ளேயே ஐஐபிசிபி அடங்கும், இரண்டையும் கூட்டிவிடக் கூடாது. மொத்த வேலை 120 + 142 = 262. தகுதியானது 142 + 18 = 160, அதாவது 61%; டிஆர்டிஏவுக்கு எதிர்பார்த்தபடியே இருக்கிறது. வழிந்தது 160-இல் 18, அதாவது 11%. விகிதத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஸிப் திறன்தான் பற்றவில்லை. மாறாக ஐஐபிசிபி பூஜ்யமாக இருந்து தகுதி 20% மட்டும் என்று வந்திருந்தால், ஸிப் வாங்கி ஒரு பயனும் இல்லை. எக்ஸ்டர்னல் புரொசீஜர்கள் நேரத்தைத் தின்கின்றனவா என்று தேட வேண்டும்.

ஒவ்வொரு ஜாபுக்கும், சிஸ்டம் எழுதும் பயன்பாட்டுப் பதிவான எஸ்எம்எஃப் 30 பதிவில் இதே விவரம் உண்டு. பொது பிராசசர் வேகம் குறைக்கப்பட்ட மாடல்களில் ஒரு எச்சரிக்கை: ஸிப் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். ஆகவே அதன் ஒரு நொடி, பொது பிராசசரின் ஒரு நொடிக்குச் சமமல்ல. பதிவில் இருக்கும் நார்மலைசேஷன் எண்ணை 256-ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். அந்த எண் 512 என்றால் விகிதம் 2. ஸிப்பில் ஓடிய 10 நொடி, வழிந்திருந்தால் பொது பிராசசரில் 20 நொடி ஆகியிருக்கும். இத்தகைய மாடல்களில் ஸிப்பால் கட்டணம் குறைவதோடு வேலையும் சீக்கிரம் முடியும்.

இன்னும் ஸிப் இல்லாத இடமென்றால், ஐஇஏஓபிடியில் புராஜெக்ட் சிபியூ என்பதை யெஸ் ஆக்கி ஒரு மாத முடிவு வரை ஓட்டுங்கள். தகுதியான நேரம் முழுவதும் ஐஐபிசிபி-யில் தெரியும். ஸிப் வாங்காமலே விடை கிடைத்துவிடும்.

அந்த எண்ணைப் பணமாக்கும்போது கவனம் வேண்டும். நான்கு மணி நேர நகரும் சராசரியின் மாத உச்சத்தை வைத்துக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்றால், உச்ச நேரத்தில் இறங்கிய வேலைக்கு மட்டுமே மதிப்பு. உச்சம் காலை 10 முதல் 2 வரை என்றால், நள்ளிரவு ரீஆர்க் முழுவதையும் ஸிப்பில் தள்ளினாலும் பில்லில் ஒன்றும் மாறாது. 2019-இல் வந்த டெய்லர்டு ஃபிட் பிரைசிங்கில் நுகர்வு முறையைத் தேர்ந்தவர்களுக்கு எந்த நேரத்தில் இறக்கினாலும் கணக்கில் குறையும். ஒரே தொழில்நுட்ப வேலை, ஒப்பந்தத்தைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பு பெறுகிறது.

நிறுவிய பிறகு

ஸிப் வாங்கியாயிற்று, ஆனால் ஐஐபி எண் பூஜ்யம் என்றால் முதலில் கன்சோலில் டி எம்=சிபியூ கட்டளை கொடுங்கள். ஆன்லைனில் இருக்கும் ஸிப்புக்கு எதிரே பிளஸ் குறியும் ஐ எழுத்தும் சேர்ந்து தெரியும். மைனஸ் குறியோடு தெரிந்தால் கான்ஃபிக் சிபியூ கட்டளையால் ஆன்லைன் செய்ய வேண்டும். வரியே இல்லை என்றால் எல்பாரின் இமேஜ் புரொஃபைலில் ஸிப் ஒதுக்கப்படவில்லை. அடுத்து வெயிட், அதாவது எல்பாருக்கு உரிய பங்கு. ஸிப்புக்கான வெயிட் பொது பிராசசர் வெயிட்டிலிருந்து தனியானது; உற்பத்தி எல்பாருக்கும் டெஸ்ட் எல்பாருக்கும் ஒரே எண்ணை விட்டிருந்தால், டெஸ்ட்டில் ஓடும் ஒரு ஜாவா லூப் உற்பத்தியின் ஸிப் பங்கைப் பிடித்துக்கொள்ளும். டிஃபைன்டு கெபாசிட்டி போன்ற சாஃப்ட் கேப்பிங் (எம்எஸ்யூ பயன்பாட்டுக்கு வைக்கும் வரம்பு) ஸிப்பைக் கட்டுப்படுத்தாது என்பதால் அந்த வழியில் தடுக்கவும் முடியாது. வாங்கும் எண்ணிக்கைக்கு முதலில் ஒரு பொது பிராசசருக்கு ஒரு ஸிப் என்ற வரம்பு இருந்தது; 2013-இல் இரண்டு ஆனது. உங்கள் மாடலுக்கு எந்த விதி என்று ஆர்டர் நேரத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இசட்13 முதல் ஸிப்பில் எஸ்எம்டி-2 வசதி இருக்கிறது. ஒரு கோரில் இரண்டு இழைகள். இயக்க லோட் மெம்பரில் பிராக்வியூ கோர் என்று வைத்து ஐபிஎல் செய்ய வேண்டும். பிறகு ஐஇஏஓபிடியில் எம்டி ஸிப் மோடு 2 என்று மாற்றலாம், திரும்ப 1 ஆக்க ஐபிஎல் தேவையில்லை. மொத்தக் கொள்ளளவு கூடும், ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மெதுவாகும். பல சிறு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வரும் டிடிஎஃப்புக்கும் லிபர்ட்டிக்கும் இது பொருந்தும். ஒற்றை இழையில் ஓடும் நீண்ட ஜாவா பேட்ச் முன்பைவிடத் தாமதமாகலாம். பேட்ச் விண்டோ ஏற்கெனவே இறுக்கமென்றால் முதலில் அந்த ஜாபை வைத்துச் சோதியுங்கள்.

கடைசியாக ஐஎஃப்எல். ஜாவா பயன்பாட்டை இசட்/ஓஎஸ்ஸிலிருந்து எடுத்து ஐஎஃப்எல்லில் லினக்ஸின் கீழ் வைத்தால் அதன் நேட்டிவ் அழைப்புகள் உட்பட எல்லாமே பொது பிராசசரை விட்டுப் போய்விடும். டிபி2 எஸ்க்யூஎல் டிஆர்டிஏ வழியாக வருவதால் அதிலும் 60% ஸிப்புக்குத் தகுதி பெறும். காகிதத்தில் இதுவே மலிவாகத் தெரியும். ஆனால் லினக்ஸ் பக்கத்து மென்பொருளுக்குக் கோர் கணக்கில் தனி உரிமம் உண்டு. ஒரு கோரிக்கைக்கு நாற்பது ஐம்பது முறை டிபி2-வைத் தட்டும் பயன்பாடு ஹைப்பர்சாக்கெட்ஸ் மேலும் அத்தனை முறை போய்வர வேண்டியிருக்கும். ஒரு கோரிக்கைக்கு ஓரிரு எஸ்க்யூஎல் மட்டும் கொடுத்துவிட்டு மீதி நேரம் சொந்தக் கணக்கில் இருக்கும் பயன்பாடுகளை ஐஎஃப்எல்லுக்குக் கொண்டுபோங்கள். டேட்டாவோடு ஓயாமல் பேசுபவற்றை இசட்/ஓஎஸ்ஸிலேயே ஸிப்பில் விடுங்கள்.